இன்ஸ்பெக்டர் நின்ற இடம்

கொட்டகையில் மெஷின் இல்லாமல் நாலு மாதம் ஓடிவிட்டது. ஆனாலும் ஆபரேட்டர் காலையில் எழுந்ததும் முதல் வேலையாகப் போய் அதன் கதவைத்தான் திறந்தார். உள்ளே இரண்டு செயின் தடங்களும் நடுவில் ஓர் எண்ணெய்க் கறையும் படுத்திருந்தன. ஒரு நிமிடம் பார்த்துவிட்டுச் சாத்தினார். எதற்குத் திறந்தீர்கள் என்று கேட்க வீட்டில் ஆள் இல்லாதது ஒரு சௌகரியம். அந்தச் சௌகரியம்தான் அவரைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டிருந்தது.

இதுவரை நடந்ததைச் சுருக்கிச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். ஏனென்றால் சுருக்கினால் தப்பு அவர் பக்கம் மட்டுமே தெரியும். இருந்தாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

சந்துக்குள் புகுந்து குழி தோண்டுகிற குட்டி எக்ஸ்கவேட்டர் ஒன்று அவர்களிடம் இருந்தது. அவர் ஓட்டுவார், மனைவி கூட நிற்பாள். பதினோரு வருடம் சோறு போட்ட அந்த மெஷினை, மனைவி தங்கை வீட்டுக்குப் போயிருந்த வாரத்தில் அவர் விற்றுவிட்டார். திரும்பி வந்தவள் கொட்டகை வாசலில் நின்றாள். யாருக்கு, எவ்வளவுக்கு, ஏன் என்று ஒரு கேள்வி கிடையாது. கையில் இருந்த பையைக் கீழே வைக்காமலே, வந்த பஸ் திரும்பும்போது அதிலேயே ஏறிப் போய்விட்டாள்.

'சொல்லிவிட்டுத்தானே விற்றேன்' என்பது அவர் கட்சி. ஒருநாள் சாயங்காலம் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, "பழசைக் கொடுத்துடலாம்னு பார்க்கறேன். நல்ல விலைக்குக் கேக்கறாங்க" என்று சொன்னார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாவிட்டால் சரி என்றுதானே அர்த்தம்?

இந்த வழக்கில் வக்கீலும் அவர், நீதிபதியும் அவர். அப்படியிருந்தும் தீர்ப்பு சாதகமாக வரவில்லை.

எட்டு மணிக்கு மகள் போன் செய்தாள்.

"அப்பா, இவரு கிளம்பிட்டாரு. கடைய இன்னிக்கு மத்தியானம்தான் திறக்கப் போறாரு, உங்களுக்காக."

"மாப்பிள்ளைக்கு எதுக்கும்மா சிரமம். நான் பஸ்ல போயிப்பேன்."

"நீங்க பஸ்ல போயிப்பீங்க. மெஷின யாரு கூட நின்னு பார்ப்பா?"

அவர் போனை மறு காதுக்கு மாற்றினார்.

"அம்மாவ ஒரு வார்த்தை கூப்பிட்டா என்ன குறைஞ்சு போயிடுவீங்க?"

"அவளா போனா. அவளா வரட்டும்."

"அப்ப இந்த மெஷின் யாருக்கு?"

"தொழிலுக்கு."

"தொழிலுக்கு," என்று மகள் அதே குரலில் திருப்பிச் சொன்னாள். "சரி. இவருகிட்ட எல்லாத்தையும் வீடியோ எடுக்கச் சொல்லியிருக்கேன். ஏன் எதுக்குன்னு கேக்காதீங்க."

அவர் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

இந்த நாலு மாதமும் அவர் அடுத்தவன் மெஷினில் கூலிக்கு உட்கார்ந்திருந்தார். பழசை விற்றது முழுவதையும் போட்டால்தான் இன்னொன்று வரும். அதைத் தவறாக வாங்கிவிட்டால் ஓய்வுபெறும்வரை அடுத்தவன் சீட்தான். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அவர் மனதில் வேறு ஒரு கணக்கு இருந்தது, வெளியில் சொல்ல வெட்கப்படுகிற கணக்கு. நல்ல மெஷினாக ஒன்றைத் தனியாகவே பார்த்து வாங்கிக் கொட்டகையில் நிறுத்திவிட்டால், 'வந்து பார்' என்று சொல்ல ஒரு சாக்கு கிடைக்கும். மன்னிப்பு கேட்பதற்குப் பதிலாகக் கையில் எதையாவது வைத்துக்கொண்டு நிற்கிற ஜாதி அவர். கையில் அடங்காததாக இருந்தாலும் பரவாயில்லை.

கிளம்பும்போது கதவுக்குப் பின்னால் தொங்கிய குடையை எடுத்துக்கொண்டார். அவளுடைய குடை. வெயில் இருக்கும் என்று தனக்குத்தானே காரணம் சொன்னார்.

மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஊரில் பாதிப் பேரின் கண்ணைப் பார்த்து நம்பர் சொன்னவர். மாமனாரிடம் மட்டும் கண்ணைப் பார்த்துப் பேசமாட்டார். அவ்வளவு மரியாதை. காரில் ஏறியதும் ஏசியைக் கூட்டினார், குறைத்தார், "இது போதுமா மாமா" என்றார்.

"போதும் மாப்ள."

"குறைக்கட்டுமா?"

"இருக்கட்டும் மாப்ள."

யார்டு வரும்வரை இருவருக்கும் இடையே நடந்த பேச்சுவார்த்தை இதுதான்.

யார்டு என்பது பழைய மெஷின்களை விற்பதற்காக ஊருக்கு வெளியே தகர வேலி போட்ட பெரிய மைதானம். உள்ளே வேலையிலிருந்து நின்ற மெஷின்கள் வரிசையாகக் கழுத்தைக் கவிழ்த்து நின்றன. மண்ணில் பல வருடத்து எண்ணெய் ஊறி, தரை முழுக்க ஒரே கறுப்பு. நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவரைத் தொழிலில் எல்லோரும் சர்க்கரை என்பார்கள். வாயில் அவ்வளவு இனிப்பு. உண்மையைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் கசக்கும், அதனால் சொல்வதில்லை.

"வாங்கண்ணே, வாங்க. பத்து மணிக்குத்தானே சொன்னீங்க?" என்று எழுந்தார். பிறகு காரைப் பார்த்தார். கார் கதவைப் பார்த்தார். மாப்பிள்ளை இறங்கியதைப் பார்த்தார். இன்னும் யாராவது இறங்குகிறார்களா என்று பார்த்தார்.

"இன்ஸ்பெக்டர் அம்மா வரலையா?"

"வீட்ல வேலை இருக்கு."

"அடடா," என்றார் சர்க்கரை. வருத்தப்பட முயன்றார். முகம் ஒத்துழைக்கவில்லை. பொங்கி வந்த பாலை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டவர் மாதிரி ஒரு நிம்மதி அதில் பரவியது.

இன்ஸ்பெக்டர் என்பது யார்டுக்காரர்கள் அவர் மனைவிக்கு வைத்த பெயர். அவள் குடையைப் பார்த்தால் பழைய இரும்புக்கே வியர்க்கும் என்பார்கள்.

மெஷின் பளபளவென்று புது மஞ்சளில் நின்றது. ஆபரேட்டர் போய் இன்ஜின் மூடிமேல் உள்ளங்கையை வைத்தார். எடுத்தார். நிழல் பக்கம் போய் மறுபடி வைத்தார்.

"சூடா இருக்கு."

"வெயில்ல நிக்குதுல்லண்ணே."

"வெயில் நிழல் பக்கமும் அடிக்குதா?"

சர்க்கரை சிரித்தார். "காலையில சும்மா ஒரு தடவை ஓட்டிப் பார்த்தோம். நீங்க வர்றீங்கன்னு."

"நான் வர்றேன்னா ஓட்டக் கூடாது. ஆறட்டும். காத்திருக்கேன்."

சூடான இன்ஜினை யார் வேண்டுமானாலும் கிளப்பலாம். ஆறிப்போனது முதல் திருகலில் எப்படி இருமுகிறது, என்ன நிறத்தில் புகைக்கிறது என்பதில்தான் அதன் வயசு இருக்கிறது. மாப்பிள்ளையிடம் இதை விளக்கினார். மாப்பிள்ளை, "அப்படியா மாமா" என்று பயபக்தியோடு கேட்டுக்கொண்டார்.

ஆறுகிற நேரத்தில் ஒற்றை ஆள் செய்யக்கூடியதை எல்லாம் அவர் செய்தார். சீட்டில் இருக்கும் மீட்டர், மெஷின் ஓடிய மணி நேரத்தைக் குறைவாகவே காட்டியது. கால் வைக்கும் மிதியின் ரப்பரும் தேயாமல் இருந்ததால் மீட்டர் பொய் சொல்லவில்லை என்று எடுத்துக்கொண்டார். மெஷின் கையின் மூட்டுகளில் புது பெயின்டுக்கு அடியில் வெல்டிங் மேடு தட்டுப்படுகிறதா என்று நகத்தால் தடவினார். சக்கரங்களைச் சுற்றி ஓடும் செயினின் ரப்பரில் விரிசல் தேடினார். ஆயிலைக் குச்சியில் தொட்டு வெளிச்சத்தில் பார்த்தார். தண்ணீர் கலந்திருந்தால் மோர் மாதிரி வெளுத்திருக்கும். இது தெளிவாக இருந்தது.

நன்றாகத்தான் இருந்தது. ஒவ்வொன்றாக நன்றாக இருக்க இருக்க அவருக்கு யாரிடமாவது சொல்லவேண்டும்போல் இருந்தது. திரும்பினால் மாப்பிள்ளை நின்றார்.

"நல்லாருக்கு மாப்ள."

"ரொம்ப சந்தோஷம் மாமா."

அதற்கு மேல் அந்தச் சந்தோஷத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை.

மீதியை ஒற்றை ஆள் பார்க்க முடியாது. எக்ஸ்கவேட்டர் விஷயத்தில் இதுதான் சங்கடம். சீட்டில் உட்கார்ந்து லீவரை இழுப்பவனுக்கு மெஷினின் வயிறு தெரியாது. கீழே நின்று வயிற்றைப் பார்ப்பவரால் லீவரை இழுக்க முடியாது. மெஷின் கை நீளும்போது மூட்டில் இருக்கும் பின் ஆடுகிறதா, உடம்பு சுற்றும்போது அடியில் ஒழுகுகிறதா, ஓடும்போது ஒரு செயின் மட்டும் இழுக்கிறதா என்பதெல்லாம் கீழே இருந்துதான் தெரியும்.

அதற்குத்தான் அவள். சீட்டிலிருந்து பார்த்தால் இடது பக்கம், நாலடி தள்ளி, கொஞ்சம் முன்னால். அதுதான் அவள் இடம். இன்ஜின் இரைச்சலில் கத்தினாலும் கேட்காது. பேச்செல்லாம் குடைதான். குடையை மடக்கினால் நிறுத்து. வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினால் அதையே இன்னொரு தரம் செய். தோளில் சாய்த்துக்கொண்டு நின்றால் ஒன்றுமில்லை, மேலே போ.

ஆரம்பத்தில் அவள் எல்லாவற்றுக்கும் கையை ஆட்டுவாள். நன்றாக இருந்தாலும் ஆட்டுவாள், நன்றாக இல்லாவிட்டாலும் ஆட்டுவாள். கல்யாணமான முதல் வருடம், அவருக்கு எரிச்சல் வந்து ஒரு சட்டம் போட்டார். "தப்பு இருந்தா மட்டும் காட்டு. சரியா இருந்தா சும்மா இரு." அன்றிலிருந்து இருபத்தாறு வருடம் அந்தச் சட்டத்தில் ஒரு திருத்தம்கூட வரவில்லை.

"மாப்ள, நீங்க இங்க நில்லுங்க," என்று இடத்தைக் காலால் கீறிக் காட்டினார். "வெயிலுக்குக் குடைய வச்சுக்குங்க."

அங்கே நின்று என்ன செய்யவேண்டும் என்று சொல்லவில்லை. அந்த இடத்தில் நிற்பவருக்கு அது தெரியும் என்று இருபத்தாறு வருடப் பழக்கம் அவருக்குள் தானாகவே முடிவு செய்துகொண்டது.

மாப்பிள்ளை ஒரு கையில் போனைப் பிடித்து வீடியோவைத் தொடங்கினார். மறு கையில் குடை. இரண்டையும் பிடிக்கச் சிரமமாக இருந்ததால் குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டார்.

இன்ஜின் முதல் திருகலில் கிளம்பியது. கறுப்பாக ஒரு வாய் துப்பியது, பிறகு புகை தெளிந்தது. ஆபரேட்டர் நிமிர்ந்து அந்த இடத்தைப் பார்த்தார். குடை தோளில் இருந்தது.

மெஷின் கையை முழுக்க நீட்டினார், மடக்கினார். பார்த்தார். குடை தோளில்.

மண் அள்ளும் பக்கெட்டைத் தரையில் ஊன்றி உடம்பை லேசாகத் தூக்கி ஒரு பக்கச் செயினைச் சுழலவிட்டார். மறு பக்கம். பார்த்தார். குடை தோளில்.

மேல் உடம்பை ஒரு சுற்று சுற்றினார். ஓட்டிக்கொண்டே திருப்பினார். மேட்டில் ஏற்றினார், இறக்கினார். ஒவ்வொரு தடவையும் புருவத்தைத் தூக்கி, 'எப்படி?' என்று பார்த்தார். ஒவ்வொரு தடவையும் குடை தோளிலேயே இருந்தது. அவர் தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த லீவருக்குப் போனார்.

நாலு மாதத்தில் முதல்முறையாக உடம்பு லேசாக இருந்தது. கைகள் தாமாக வேலை செய்தன. வெயிலில் கண் கூசியது. குடைக்குக் கீழே முகம் தெரியவில்லை, நிழல்தான் தெரிந்தது. அதுவும் நல்லதற்குத்தான்.

எல்லாம் முடிந்ததும் எப்போதும் செய்கிற ஒன்றைச் செய்தார். கையை மேலே தூக்கி, பக்கெட்டை இரண்டு தரம் ஆட்டினார். மெஷின் சலாம் வைக்கும். யார்டுக்காரன் எதிரில் சிரித்தால் விலை ஏறும் என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், குடை மட்டும் குலுங்கும்.

குடை குலுங்கவில்லை.

அவர் கையை இறக்கினார். இன்ஜினை நிறுத்தினார். சீட்டிலிருந்து இறங்கினார்.

"எப்படிண்ணே? மெஷினா இது? வீட்டுப் பொண்ணு மாதிரி வச்சிருந்தாங்க," என்றார் சர்க்கரை.

பேரம் ஆரம்பித்தது. அதிலும் அவர்களுக்கு ஒரு முறை உண்டு. அவர் விலையைச் சொல்லிவிட்டு மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு கேட்டை நோக்கி நடப்பார். அவள் நின்ற இடத்திலேயே நின்று, "அவரு ஒரு மாதிரி, போனா திரும்ப மாட்டாரு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் கூப்பிடறேன்" என்பாள். அவர் கேட்டைத் தொடுவதற்குள் விலை இறங்கிவிடும். கோபித்துக்கொள்ள ஒருத்தர், சமாதானத்துக்கு ஒருத்தர்.

ஆபரேட்டர் தன் விலையைச் சொன்னார். சர்க்கரை இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். ஆபரேட்டர் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தார்.

பாதி தூரம் வந்தார். யாரும் கூப்பிடவில்லை.

முக்கால் தூரம். நடையைக் குறைத்தார். செருப்பில் கல் இல்லாமலே நின்று உதறினார்.

பின்னால் ஒரு சத்தம் கேட்டது. மாப்பிள்ளை காரைக் கிளப்பிக்கொண்டிருந்தார்.

பாவம், மாமா கிளம்பிவிட்டார், வெயிலில் நிற்கவைக்கக் கூடாது என்று அவருக்கு அக்கறை. கார் அருகில் வந்து நின்றது, கதவும் திறந்தது. ஏசிக் காற்று ஆபரேட்டர் முகத்தில் அடித்தது.

அவர் காரைப் பார்த்தார். தூரத்தில் நாற்காலியில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்த சர்க்கரையைப் பார்த்தார்.

"தண்ணி குடிக்கலாம்னு வந்தேன் மாப்ள," என்று சொல்லி, காரிலிருந்த பாட்டிலை எடுத்து இரண்டு மிடறு குடித்துவிட்டு, வந்த வழியே திரும்பி நடந்தார். அந்த நடைக்கு விலை என்ன என்று சர்க்கரைக்குத் தெரியும். கொஞ்சம் குறைத்தார், பரிதாபத்துக்கு. சாயங்காலம் வேறு பார்ட்டி வருவதாகவும் சொன்னார்.

ஆபரேட்டர் அட்வான்ஸைக் கொடுத்தார். கை கொடுத்தார். அந்த யார்டில் கை கொடுத்தால் கொடுத்ததுதான். மறுநாள் காலை பத்து மணிக்கு மீதியைக் கொண்டுவந்து, லாரியில் ஏற்றிக்கொண்டு போகவேண்டும் என்று பேச்சு.

திரும்பும் வழியில் பாதி தூரம்வரை மாப்பிள்ளை ஏசியைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே வந்தார். இரண்டு தரம் வாயைத் திறந்து மூடினார். மூன்றாவது தரம் திறந்தார்.

"மாமா, ஒரு சந்தேகம். கேட்டா தப்பா நினைக்கக் கூடாது."

"சொல்லுங்க மாப்ள."

"அந்த மெஷின் ஓடிக்கிட்டே திரும்பறப்போ, நடுவுல வயித்துக்கு அடியில சொட்டுச் சொட்டா விழுந்துச்சு. நின்னா நின்னுடுது, திரும்பினா விழுது. அது ஏசித் தண்ணிதானே மாமா? நம்ம கார்லகூட விழும்."

ஆபரேட்டர் முன்னால் ஓடிய ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த மெஷின்ல ஏசி இல்ல மாப்ள."

கார் தானாகவே வேகம் குறைந்தது.

"அப்ப அது…"

"ஆயில். நடுவுல ஒரு ஜாயின்ட் இருக்கு. மேல் உடம்புல இருந்து செயினுக்கு ஆயில் போறது அது வழியாத்தான். அது போச்சுன்னா மேல் உடம்பைக் கழட்டித் தூக்கணும்."

"பெரிய வேலையா மாமா?"

"பெரிய வேலை."

மாப்பிள்ளை காரை ஓரம் கட்டினார். காதெல்லாம் சிவந்துவிட்டது. "நான் சொல்லியிருக்கணும். ஆனா நீங்க ஒவ்வொரு தடவையும் என்னையே பார்த்தீங்க மாமா. தலைய வேற ஆட்டினீங்க. உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்னு நினைச்சேன். அந்த ஆளு எதிர்ல நான் ஒண்ணு சொல்லப் போக, உங்களுக்குத் தெரியாததை நான் சொல்ற மாதிரி ஆயிடக் கூடாதுன்னு சும்மா இருந்துட்டேன்."

"சும்மா இருந்தீங்க."

"ஆமா மாமா."

"உங்க மேல தப்பில்ல," என்றார் ஆபரேட்டர். மாப்பிள்ளையை அவர் திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மாப்பிள்ளையின் போனிலேயே சர்க்கரையைக் கூப்பிட்டார்.

"அண்ணே, நீங்களே ஓட்டினீங்க. நீங்களே இறங்கிக் கை கொடுத்தீங்க," என்றது இனிப்பான குரல். "இப்ப ஒழுகுதுன்னா நான் என்ன பண்றது? நாளைக்குப் பத்து மணிக்கு வந்து ஏத்துங்க. இல்லைன்னா அட்வான்ஸை மறந்துடுங்க. தொழில்ல புதுசா நீங்க?" பிறகு, குத்தவேண்டும் என்ற எண்ணம்கூட இல்லாமல், உண்மையாகவே சொன்னார். "இன்ஸ்பெக்டர் அம்மா வந்திருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காதுண்ணே."

வீட்டில் இறக்கிவிட்டதும் மாப்பிள்ளைக்குக் கிளம்ப மனசில்லை, நிற்கவும் தைரியமில்லை. கடை திறக்க ஏற்கெனவே நேரமாகிவிட்டது. குடையை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

"வீடியோவ உங்களுக்கு அனுப்பியிருக்கேன் மாமா. அவளுக்கும் அனுப்பினேன்." கொஞ்சம் தயங்கினார். "அவ அதை அத்தைக்கு அனுப்பிட்டா."

"எப்ப?"

"நீங்க தண்ணி குடிச்சப்பவே."

கார் சத்தம் தேய்ந்து தெருமுனையில் நின்றுபோனது. சாயங்காலம் நாலு மணி இருக்கும். ஆபரேட்டர் கொட்டகைக் கதவைத் திறந்து, உள்ளே போய், வெளிச்சம் கண்ணில் படாத மூலையில் நின்று போனைத் திறந்தார்.

வீடியோவில் முதலில் மஞ்சள் மெஷின் தெரிந்தது. பிறகு அதன் கண்ணாடிக்குப் பின்னால் ஓர் ஆள். தலை நரைத்து, கழுத்து முன்னால் நீண்டு, ஒவ்வொரு லீவருக்கும் பிறகு நிமிர்ந்து நேராக இவரைப் பார்க்கிற ஆள். புருவத்தைத் தூக்குவதும், காத்திருப்பதும், பிறகு தலையை ஆட்டிவிட்டு அடுத்ததற்குப் போவதுமாக.

சொட்டு இரண்டாவது நிமிடத்திலேயே தெரிந்தது. கறுப்பு மண்ணில் விழுந்து மறைந்தாலும், விழுகிற நேரத்தில் வெயிலில் மின்னியது. பார்க்கிற யாருக்கும் தெரியும். கண்ணாடிக்குள் இருந்த ஆள் அதற்கும் தலையை ஆட்டினான்.

அந்த இடத்திலிருந்து அவர் தன்னைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. ஒரு மனிதன் கேள்வி கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறான். இருபத்தாறு வருடம் இதைப் பார்த்துக்கொண்டு ஒருத்தி குடையோடு நின்றிருக்கிறாள்.

கடைசியில் பக்கெட் இரண்டு தரம் ஆடியது. அதைப் பார்க்க முடியாமல் போனை அணைத்தார்.

அப்போதுதான் அந்தச் சாயங்காலம் ஞாபகத்துக்கு வந்தது. பழசைக் கொடுத்துவிடலாம் என்று சொன்னபோது அவள் மடித்துக்கொண்டிருந்தது அவருடைய வேலைச் சட்டை. மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள். ஒரே சட்டையை மூன்று தடவை. அதை அவர் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்.

அவள் எண்ணைத் தேடவேண்டியிருக்கவில்லை. விரலுக்கே தெரிந்தது. ஐந்தாவது தடவை மணி அடித்ததும் எடுக்கப்பட்டது. தங்கை வீட்டுத் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது, பிறகு அதுவும் நின்றது. ஹலோ இல்லை.

"நான்தான்," என்றார்.

ஒன்றும் வரவில்லை.

"வீடியோ பார்த்தியா?"

ஒன்றும் வரவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. நாலு மாதத்துக்கு முன்னால் என்றால் இதுவே போதும். சரி என்று எடுத்துக்கொண்டு, வைத்துவிட்டு, அடுத்த வேலையைப் பார்க்கப் போயிருப்பார்.

"இங்க பாரு," என்றார். குடையைச் சுவரில் சாய்த்தார், அது நழுவி விழுந்தது, குனிந்து எடுக்கவில்லை. "நீ சும்மா இருந்தா சரின்னு எடுத்துக்கற பழக்கம் ஒண்ணு எனக்கு இருந்துச்சு. இன்னிக்கு மத்தியானத்தோட அது போச்சு. தப்பு இருக்குன்னா வாயத் திறந்து சொல்லு. நான் நிக்கறேன். நீ சொல்றவரைக்கும் நிக்கறேன்."

நின்றார். கொட்டகைக்கு வெளியே யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். போனவர்கள் தெருவைக் கடந்து மறையும்வரை நின்றார். லைன் அறுந்துவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். அறுந்திருக்கவில்லை.

பிறகு அவள் குரல் வந்தது. யார்டுக்காரர்களுக்கு வியர்க்கவைத்த அதே குரல், கொஞ்சம் கரகரப்பாக.

"எதுல ஆரம்பிக்கட்டும்? மெஷின்லயா, உங்ககிட்டயா?"

ஆபரேட்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல, அந்த எண்ணெய்க் கறைமேலேயே உட்கார்ந்தார். நாளைப் பத்து மணிக்கு இன்னும் பதினெட்டு மணி நேரம் இருந்தது.

"மெஷின் அப்புறம்," என்றார்.